வாயில்லா உயிர்களுக்காக வாதாடிய ருக்மிணி தேவி அம்மையார்

ருக்மிணி தேவி அருண்டேல் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவரில் பெரும்பாலோர்க்கு நினைவில் தோன்றுவன பரதநாட்டியமும், அவர் தோற்றுவித்து வளர்த்த கலாக்ஷேத்திரமுமே. இழிவாகக் கருதப்பட்டு வந்த ஒரு கலையை உலகம் போற்றும் மேடையில் ஏற்றிய பெருமாட்டி என்று அவரைப் பலரும் புகழ்வர். ஆயினும் அவர் வாழ்வில் மற்றொரு பாதியும் உண்டு. வண்டியிழுக்கும் மாட்டுக்காகவும், கூண்டில் அடைபட்ட குரங்குக்காகவும், வாயிற்கம்பத்தில் கட்டுண்ட நாய்க்காகவும் அவர் டில்லி மாநிலங்களவையில் எழுந்து நின்ற பாதி அது.

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நம் குடும்பங்களில் இந்தப் பாதி போதிய அளவு அறியப்படவில்லை என்பது நம் எண்ணம். மேலும், கிராமங்களில் வயலையும் மாட்டுக்கொட்டிலையும் காக்க நாய் வளர்த்த நாம், இன்று நகரங்களில் குடியேறிய பின்னரும் வாயிலில் நாய் வளர்க்கிறோம். அந்த நாய்க்கும் நமக்கும் இடையே உள்ள கடமை யாது என்ற வினாவுக்கு அம்மையாரின் வாழ்வில் விடை இருக்கிறது. ஆதலால் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

பிறப்பும் இளமையும்

ருக்மிணி தேவி 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும் அந்நாளில் பிறந்தமையால், பிறந்தநாள் கொண்டாட்டங்கள் அவருக்குக் குறைவாகவே வாய்த்தன. தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளராகப் பணியாற்றியவர். வடமொழிப் புலமை மிக்கவர். அன்னை சேஷம்மாள் இசையில் ஈடுபாடு கொண்டவர். தந்தையார் பிரம்மஞான சபையின் கொள்கைகளால் ஈர்க்கப்பட்டு, ஓய்வு பெற்றபின் சென்னை அடையாற்றில் அச்சபையின் தலைமையகத்துக்கு அருகில் வீடு கட்டிக் குடியேறினார். உடன்பிறந்தவர்களுள் ஸ்ரீராம் என்பார் பிற்காலத்தில் அச்சபையின் தலைவரானார். சிவகாமு என்னும் தமக்கையார் மருத்துவர்.

அடையாற்றுச் சூழல் சிறுமி ருக்மிணியின் உள்ளத்தைப் பண்படுத்தியது. பிரம்மஞான சபையார் எல்லா உயிர்களையும் ஒரே உயிரின் பல வடிவங்களாக எண்ணியவர்கள். அவர்களுள் பலர் புலால் உண்ணாதவர்கள். அன்னி பெசன்ட் அம்மையார், அவருடைய அணுக்கத் தொண்டரான ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேல் ஆகியோரின் நட்பு அவருக்கு அங்கே வாய்த்தது. 1920-ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதில், தம்மினும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மூத்தவரான அருண்டேலை அவர் மணந்துகொண்டார். சென்னைச் சமூகம் கொதித்தெழுந்தது. பழித்தவர்களும் ஒதுக்கியவர்களும் பலர். ஊரார் ஏற்பர் என்று காத்திராமல், தமக்குச் சரியெனப் பட்டதைச் செய்துவிட்டு அதன் விளைவைப் பொறுமையுடன் தாங்கும் இயல்பு அவரிடம் அப்போதே வெளிப்பட்டது. பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட ஒவ்வொரு பணிக்கும் இவ்வியல்பு தேவைப்பட்டது.

கலைப்பணி

1928-ஆம் ஆண்டில் உருசிய நாட்டியப் பேரரசி அன்னா பாவ்லோவாவின் நட்பு அவருக்குக் கிடைத்தது. தம் சொந்த நாட்டின் நடனத்தைத் தேடுமாறு பாவ்லோவா ஊக்குவித்தார். அந்தத் தேட்டம் அவரைச் சதிர் ஆட்டத்தினிடம் கொண்டு சேர்த்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்று, 1935-ஆம் ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அரங்கேறினார். குடும்பப் பெண்கள் ஆடக்கூடாது என்றிருந்த காலம் அது. மறுபடியும் ஊர் கொதித்தது; மறுபடியும் அவர் பொறுத்தார். 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. மரநிழலில் ஒரே மாணவியுடன் தொடங்கிய அப்பள்ளி நாளடைவில் திருவான்மியூரில் பரந்த வளாகமாகத் தழைத்தது. பின்னர் 1993-ஆம் ஆண்டின் சட்டத்தால் நாட்டின் தனிச்சிறப்பு வாய்ந்த நிறுவனமாக ஆக்கப்பட்டது.

1945-இல் கணவர் அருண்டேல் மறைந்தார். அப்போது அம்மையார்க்கு வயது நாற்பத்தொன்று. மக்கட்பேறு இல்லை. கலாக்ஷேத்திர மாணவர்களே பிள்ளைகளாயினர். வாயில்லா உயிர்களும் அவர் அன்புக்குரிய குடும்பமாயின. அடையாற்றில் நோயுற்ற விலங்குகளுக்கு மருத்துவம் செய்ய ஓர் இல்லத்தைப் பெசன்ட் அம்மையார் பெயரால் நிறுவினார். தெருவில் அடிபட்டுக் கிடந்த நாயும் பூனையும் அங்கே மருந்திடப்பெற்றன.

மாநிலங்களவையில்

1952-ஆம் ஆண்டில் இந்தியக் குடியரசின் முதல் மாநிலங்களவை அமைந்தபோது, குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பெறும் உறுப்பினர்களுள் ஒருவராக அம்மையார் இடம்பெற்றார். 1956-இல் மீண்டும் நியமிக்கப்பெற்று 1962 வரை அப்பொறுப்பில் இருந்தார். கலைஞர் என்ற முறையிலேயே அவருக்கு அவ்விடம் அளிக்கப்பட்டது. நாட்டியத்துக்கும் இசைக்கும் மானியம் கேட்பார் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். அவரோ 1953-ஆம் ஆண்டில் விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் மசோதா ஒன்றைத் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தார்.

அக்காலத்தில் இருந்த சட்டத்தின் நிலையை இவ்விடத்தில் அறிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் 1890-இல் இயற்றிய சட்டமே அப்போது நடைமுறையில் இருந்தது. தெருவிலோ, பொதுமக்கள் வந்துபோகும் இடத்திலோ, அல்லது அவர்கள் கண்ணில் படும்படியோ நிகழும் கொடுமையையே அச்சட்டம் பெரும்பாலும் குற்றமாகக் கருதியது. மாட்டை நடுத்தெருவில் நையப்புடைத்தவன் அகப்படுவான். மதிற்சுவருக்குள் நாயைப் பட்டினி போட்டவன் அகப்படான். கொடுமையைக் காண நேரும் மனிதரின் மனவருத்தத்தை அச்சட்டம் எண்ணிய அளவுக்கு, கொடுமைக்கு உள்ளாகும் உயிரின் துன்பத்தை எண்ணவில்லை என்றே நாம் கூறுவோம். வீட்டு வாயிலுக்குள்ளும் செல்லக்கூடிய ஒரு சட்டம் நாட்டுக்குத் தேவைப்பட்டது.

வறுமை மிகுந்த நாட்டில் மனிதர்க்கே உணவும் மருந்தும் போதாதபோது விலங்குகளுக்காகச் சட்டம் எதற்கு என்று வினவுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். எளிய உயிரிடம் கொடுமை பழகிய கை எளிய மனிதரிடமும் அதையே செய்யும் என்பது அம்மையாரின் உறுதியான கருத்து. கருணையை இரண்டாகப் பிரித்து, மனிதர்க்கு முதலில், மற்ற உயிர்க்கு மிச்சம் இருந்தால் என்று அளந்து கொடுப்பதை அவர் ஏற்கவில்லை.

திரும்பப் பெற்ற மசோதா

தனி உறுப்பினர் கொண்டுவரும் மசோதா சட்டமாவது நம் நாட்டில் அரிதினும் அரிது. 1954-இல் அம்மையாரின் மசோதா விவாதத்துக்கு வந்தபோது பிரதமர் ஜவாஹர்லால் நேரு அவையில் கலந்துகொண்டார். மசோதாவின் நோக்கத்தை அவர் பாராட்டினார். எனினும், இதனை நன்கு ஆராய்ந்து அரசே ஒரு சட்டம் கொண்டுவருவது நலம் என்று கூறி, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு அம்மையாரைக் கேட்டுக்கொண்டார்.

அம்மையார் வாழ்வில் இது மிகக் கடினமான முடிவுகளுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. திரும்பப் பெற்றால், அரசு கொண்டுவரும் சட்டம் எப்போது வரும், எவ்வாறு இருக்கும் என்பதற்கு உறுதி ஒன்றும் இல்லை. விலங்குகளை வைத்து நடத்தும் சோதனைகள் அறவே ஒழிய வேண்டும் என்பது அவர் உள்ளம். அரசு அதற்கு இசையாது என்பதும் தெளிவு. திரும்பப் பெறாவிடின், மசோதா தோற்கடிக்கப்படலாம். தோற்றபின் மீண்டும் அக்கருத்தை எழுப்புவது எளிதன்று.

அவர் திரும்பப் பெற்றார். அரசு ஒரு குழுவை அமைத்தது. குழு நாடெங்கும் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. ஆண்டுகள் உருண்டன. முடிவில் 1960 டிசம்பரில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அது அவ்வாண்டின் 59-ஆம் சட்டமாகும். மசோதாவைக் கொண்டுவந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் ஏழு ஆண்டுகள்.

வந்த சட்டம் அம்மையார் விரும்பியவாறு முழுமையாக இல்லை. ஆராய்ச்சிக்காக விலங்குகளைப் பயன்படுத்துவது தடுக்கப்படவில்லை. அதனைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்க மட்டும் வழிசெய்யப்பட்டது. சமயத்தின் பெயரால் நிகழும் கொலை குற்றமாகாது என்று விலக்களிக்கப்பட்டது. உணவுக்காகக் கொல்வதும் தேவையற்ற துன்பம் இன்றி நிகழுமாயின் விலக்கப்படவில்லை. தெருநாய்களை அடைப்பறையில் இட்டுக் கொல்லும் வழக்கமும் அச்சட்டத்தின்படி குற்றமன்று. கொல்லாமை நோன்பினர் இதனைப் படிக்கும்போது நெஞ்சம் வருந்துதல் இயல்பே. இதற்காகவா ஏழு ஆண்டு பாடுபட்டார் என்றும் கேட்கத் தோன்றும்.

நம் அறநூல்கள் துறவியர்க்கு மாவிரதமும் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் வகுத்துள்ளதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். முற்றத் துறந்தார்க்குரிய நோன்பை இல்லறத்தான் மேல் ஏற்றினால் அவன் அதனைக் கைவிடுவான். அவனால் இயன்றதைத் தந்து, அதில் தவறாமல் நிற்கச் சொன்னால் படிப்படியாக உயர்வான். பல சமயத்தாரும் பல பழக்கத்தாரும் வாழும் ஒரு நாட்டுக்கு இயற்றப்படும் சட்டமும் அத்தகையதே. அம்மையார் தம் சொந்த வாழ்வில் புலாலுணவை விலக்கி வாழ்ந்தவர். அனைத்துலகச் சைவ உணவு இயக்கத்தில் நீண்டகாலம் பொறுப்பு வகித்தவர். தமக்கு வைத்துக்கொண்ட அளவுகோலைத் தளர்த்தாமலேயே, பிறர் எடுத்து வைக்கக்கூடிய முதல் அடியை அவர் ஏற்றுக்கொண்டார்.

சட்டம் சொல்வது என்ன?

அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு சிறியது. ஆயினும் பெரும்பொருள் உடையது. ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனுக்கு வேண்டியவற்றைச் செய்யவும், தேவையற்ற துன்பம் அதற்கு நேராமல் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்று அது விதிக்கிறது. துன்பம் செய்யாதே என்பதோடு அது நிற்கவில்லை. நலம் செய் என்றும் சொல்கிறது. 1890-இன் சட்டத்தினின்றும் இது வேறுபடும் இடம் இதுவே. வீட்டுக்கு வெளியே நடப்பதும் உள்ளே நடப்பதும் இப்பிரிவின்முன் ஒன்றே.

11-ஆம் பிரிவு கொடுமை என்பது யாது என வகைப்படுத்துகிறது. அவற்றுள் நாய் வளர்ப்போர் அறியவேண்டியவற்றை மட்டும் நம் சொற்களில் தருகிறோம். அடிப்பதும் உதைப்பதும் கொடுமை. மிகக் குறுகிய அல்லது மிகக் கனமான சங்கிலியால் நெடுநேரம் கட்டி வைப்பது கொடுமை. உடல் அசைக்க இடமில்லாத கூண்டில் அடைப்பது கொடுமை. உரிமையாளர் போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராமலிருப்பது கொடுமை. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலைக்கு உள்ளாகுமாறு வளர்த்த உயிரைக் கைவிடுவது கொடுமை. தொற்றுநோய் கண்ட விலங்கைத் தெரிந்தே தெருவில் திரியவிடுவது கொடுமை. உறுப்பைச் சிதைப்பது கொடுமை. விலங்குகளை ஒன்றோடொன்று சண்டையிடத் தூண்டுவது கொடுமை.

இவற்றோடு நாய்க்கென்றே தனியாக ஓர் உட்பிரிவும் உள்ளது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயை, அதன் உரிமையாளர் போதிய அளவு உலவ விடாமலும் ஓடியாடச் செய்யாமலும் இருந்தால் அதுவும் குற்றம். பாராளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தில், வாயிலில் கட்டுண்ட நாயின் கால்கள் நடக்க விரும்பும் என்பது எண்ணிப் பார்க்கப்பட்டிருக்கிறது. மாடு உழைக்கிறது, குதிரை சுமக்கிறது. அவற்றுக்கு ஓய்வு வேண்டும். நாயின் துன்பம் வேறு வகையானது. அதற்குச் செயலின்மையும் தனிமையுமே துன்பம்.

நம் அன்பர்களுக்கு இங்கு வேறொன்றும் நினைவுக்கு வரக்கூடும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கொல்லாமை அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களை எண்ணுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கவொண்ணாச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. உயிரைக் கொல்லாமலே விரதம் கெடும் வழிகள் அவை ஐந்தும். ஓர் உயிரைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டவனையே அவை பெரிதும் நோக்கியவை என்பது வெளிப்படை. காட்டு விலங்கை எவரும் கட்டி வைப்பதில்லை. அதற்கு உணவு தடுப்பதுமில்லை. 1960-ஆம் ஆண்டின் சட்டத்தை இயற்றியோர் நம் நூலைப் பார்த்து எழுதினர் என்று நாம் கூறவரவில்லை. இரண்டும் ஒரே இடத்தைத் தொடுகின்றன என்பதே நமக்குப் பெருமகிழ்ச்சி.

வாரியமும் பின்னாளும்

அச்சட்டத்தின்படி 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவராக அம்மையார் பொறுப்பேற்றார். அவர் காலத்தில் வாரியம் சென்னையிலிருந்தே இயங்கியது. காலையில் நாட்டியப் பயிற்சி, பிற்பகலில் வாரியக் கோப்புகள் என்று இருவேறு உலகங்கள் அவரிடம் ஒருங்கே இருந்தன. நாட்டுக்கு வெளியே குரங்குகளை ஏற்றுமதி செய்தல், மாடுகளை வண்டிகளில் திணித்துக் கொண்டுசெல்லுதல், அறுப்புக்கூடங்களின் நிலை எனப் பலவற்றுக்காகவும் அவர் தொடர்ந்து குரல் கொடுத்தார்.

1956-இல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 1977-ஆம் ஆண்டில் அந்நாளைய பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிய விரும்பினார். அம்மையார் அதனைப் பணிவுடன் மறுத்துவிட்டார். நாட்டின் முதற் குடிமகளாகும் வாய்ப்பைவிடத் தம் பள்ளியும் தம் பணிகளும் அவருக்குப் பெரியனவாகத் தோன்றின. 1986 பிப்ரவரி 24 அன்று, தம் எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருக்கையில், சென்னையில் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற சட்டத்தில் ஒரு குறையை அனைவரும் சுட்டுவர். 11-ஆம் பிரிவின்கீழ் முதல் குற்றத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் ரூ. 10-க்குக் குறையாமல் ரூ. 50 வரை. 1960-இல் அது ஓரளவு பெருந்தொகை. பல பத்தாண்டுகள் சென்றும் அத்தொகை உயராமலே இருந்தமையால், நாயைப் பட்டினி போட்டவர் தேநீர்க் கடையில் செலவிடும் பணத்தைக் கொண்டே குற்றத்தினின்று நீங்கும் நிலை ஏற்பட்டது.

ஆயினும் அச்சட்டம் வேராக நின்று பின்னாளில் கிளைகள் விட்டது. சென்னை மாநகராட்சியின் நாய் பிடிக்கும் வண்டி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தெருநாய்களைப் பிடித்துச் சென்று கொன்று வந்தது. அம்மையார் மறைந்து பத்தாண்டு கழித்து, 1996-இல், கொல்வதை விட்டு, கருத்தடை செய்து தடுப்பூசி போடும் முறை இந்நகரில் மேற்கொள்ளப்பட்டது. அவருடைய சட்டத்தின்கீழ் 2001-இல் நாய்களின் கருத்தடை விதிகள் நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்டன. 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. நாய் வளர்த்து விற்போர்க்கான விதிகள் 2017-இல் வந்தன. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயினின்று பிரித்து விற்பது அவற்றால் தடுக்கப்பட்டது. 1960-இல் கொல்ல இடம் கொடுத்த சட்டமே பிற்காலத்தில் காப்பதற்கும் இடம் கொடுத்தது. முதல் அடியை ஏற்றுக்கொண்ட அம்மையாரின் பொறுமை வீண்போகவில்லை.

நம் வாயிலில் உள்ள கடமை

சட்டம் இவ்வளவு செய்தும், மதிற்சுவருக்குள் நிகழ்வதைக் காண எந்தக் காவலரும் வருவதில்லை. நாயை உலவ விடாத குற்றத்துக்காக நம் தெருவில் எவரேனும் தண்டிக்கப்பட்டதாக நாம் கேள்வியுற்றதில்லை. ஆதலால் அந்த உட்பிரிவை நிறைவேற்றும் பொறுப்பு வளர்ப்போரின் மனச்சான்றிடமே விடப்பட்டுள்ளது.

நாய் வளர்ப்பதையே விரும்பாத பெரியோர் நம்முள் உண்டு. புலால் உண்ணும் இயல்புள்ள விலங்கை இல்லத்தில் வைப்பது தகாது என்பது அவர்கள் கருத்து. அதனை நாம் மதிக்கிறோம். வளர்ப்பதா, வேண்டாவா என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்னரே எண்ணி முடிவு செய்தல் நன்று. வளர்ப்பது என்று முடிவு செய்தபின், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அவ்வுயிர் நம் பொறுப்பு. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று குட்டியை வாங்கி, வளர்ந்தபின் சலித்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவருவோர் உள்ளனர். அது அவ்வுயிர்க்குச் செய்யும் நம்பிக்கைத் துரோகம்; சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

கட்டியே வைக்கப்படும் நாய் நல்ல காவல் நாயாகும் என்பது தவறான எண்ணம். இடையறாக் கட்டு அதனை அச்சமும் சினமும் மிக்கதாக ஆக்கும். அத்தகைய நாயே வழிப்போக்கரையும் குழந்தைகளையும் கடிக்க முற்படும். காலையிலும் மாலையிலும் வாரில் பிடித்து நடத்திச் செல்லுதல் வேண்டும். இரவில் அவிழ்த்துத் தெருவில் விட்டு, விடியலில் மீண்டும் கட்டுவது உலவ விடுதல் ஆகாது. அது நம் கடமையைத் தெருவின்மீதும் அண்டை வீட்டார்மீதும் சுமத்துவதாகும்.

பழக்குவதற்குக் கோல் தேவையில்லை. நாய் நேற்று செய்ததற்கு இன்று அடித்தால், அடி எதற்கென்று அதற்கு விளங்காது. அடித்த கையை மட்டுமே அது நினைவில் கொள்ளும். சொன்னதைச் செய்த அக்கணமே ஒரு துண்டுத் தின்பண்டமோ அன்பான தடவலோ தந்தால், அச்செயலை அது மீண்டும் விரும்பிச் செய்யும். ஒரே கட்டளைக்கு வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துதல் வேண்டும். ஒருவர் உட்கார் என்றும் மற்றொருவர் வேறு சொல்லாலும் கூறினால், குழப்பம் நம்முடையது. பழியோ நாயின்மேல் விழும். ஒவ்வொரு முறையும் சிறிது நேரமே பழக்கி, அது களைக்கும் முன் நிறுத்திவிட வேண்டும்.

உணவைப் பற்றி நம் குடும்பத்தினர் அடிக்கடி கேட்பதுண்டு. பூனையின் உடற்கூறு புலால் இன்றி நிலைபெறாதது. நாயோ அவ்வாறன்று, தக்கபடி திட்டமிட்ட மரக்கறி உணவில் அது வாழ இயலும். ஆனால் வெறும் மோர்ச்சோறும் எஞ்சிய இட்லியும் அதற்குப் போதா. புரதமும் பிற சத்துகளும் குறையாதவாறு கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி அமைத்தல் வேண்டும். நம் நோன்பின் விலையை அவ்வுயிர் தன் உடல்நலத்தால் செலுத்துமாறு விடலாகாது.

வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிப் பருவத்தில் தொடங்கி மருத்துவர் குறிக்கும் காலத்தில் தவறாமல் போடுவது நாய்க்கு மட்டுமன்றி ஊருக்கே செய்யும் நன்மை. நாய் எவரையேனும் கடித்துவிட்டால், காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். குட்டிகளை வளர்க்க இயலாதவர்கள் உரிய பருவத்தில் கருத்தடை செய்வித்தல் நலம். வேண்டாத குட்டிகளைக் குப்பைத்தொட்டி அருகே விட்டுவரும் கொடுமை அதனால் நிகழாமல் தடுக்கப்படும்.

அம்மையார் தம் மசோதாவைத் திரும்பப் பெற்ற அந்நாளில், அரசின் சொல்லை நம்பினார். அரசு ஒருவாறு தன் சொல்லைக் காத்தது. அடுத்து அவர் நம்பியது குடிமக்களை. வீட்டுக்குள் யாரும் பாராத இடத்திலும் வளர்ப்பவர் தம் கடமையைச் செய்வர் என்ற நம்பிக்கை இன்றி, அந்த நாய்ப் பிரிவை எவரும் எழுதியிருக்க முடியாது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையவரா என்பதை, இன்று மாலை நம் வாயிலில் உள்ள சங்கிலியின் நீளத்தைக் கண்டே அறிந்துகொள்ளலாம்.

எல்லா உயிர்களும் இன்புறுக!